எல்லா இறுக்கமும் ஒன்றல்ல

கார் இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டை மாற்றுவது பெரிய வேலை இல்லை. நட்டுகளைக் கழற்றி, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து மறுபடி பூட்டினால் முடிந்தது. ஆனால் அந்த நட்டுகளில் ஒன்று துருவேறி இறுகியிருந்து, கழற்றும் அவசரத்தில் நட்டு பூட்டியிருக்கும் மரைத்தண்டான ஸ்டட் உடைந்துவிட்டால் வேலையின் கணக்கே மாறிவிடும். உடைந்த துண்டு சிலிண்டர் ஹெட்டுக்குள் தங்கிப்போகும். சில நேரம் ஹெட்டையே இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அரை நாளில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும்; செலவும் பல மடங்காகும்.

இந்த நஷ்டம் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. அசைய மறுக்கும் போல்ட்டை எது பிடித்துவைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். உராய்வு, துரு, இரு உலோகங்களுக்கு இடையிலான அரிமானம், பசை என்று அந்தப் பிடி நான்கு வகைப்படும். ஒவ்வொன்றையும் விடுவிக்கும் வழி வேறு. பிடியை அறியாமல் பலத்தை மட்டும் கூட்டும்போதுதான் போல்ட் உடைகிறது.

உராய்வின் கணக்கு

போல்ட்டின் மரை என்பது உருளையைச் சுற்றி ஏறும் ஒரு சரிவு. 10 மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி இருந்தால், அந்தச் சரிவு ஏறக்குறைய 3 டிகிரிதான். எஃகின் மேல் எஃகு தானாக வழுக்கி இறங்க அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சரிவு வேண்டும். இறுக்கிய போல்ட் தன்னால் கழன்றுவிடாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஸ்பேனரைத் திருப்பி இறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் சுமார் 50 சதவீதம் போல்ட் தலைக்கு அடியில் உள்ள உராய்வுக்குப் போகிறது. சுமார் 40 சதவீதம் மரையின் உராய்வுக்குப் போகிறது. போல்ட்டை நீட்டப் பயன்படுவது மீதமுள்ள 10 சதவீதம் மட்டுமே.

கழற்றும்போதும் நாம் மல்லுக்கு நிற்பது இதே உராய்வோடுதான். உராய்வு இரண்டு மடங்கானால் கழற்றத் தேவைப்படும் விசையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இதிலிருந்து கைமேல் ஒரு பயன் உண்டு: எண்ணெய் விடும்போது மரையின் நுனிக்கு மட்டும் விட்டால் போதாது. உராய்வில் பாதிக்கு மேல் தலைக்கு அடியில் இருப்பதால், அங்கேயும் வாஷரைச் சுற்றி எண்ணெய் இறங்க வேண்டும்.

துருவும் வெள்ளைப் பொடியும்

இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். திறந்த தகட்டில் அது பொருக்காக உதிர்ந்துவிடும். மரைக்குள் உதிர இடமில்லை. நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே இருப்பது மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான். அந்தச் சந்துக்குள் வளரும் துரு இரண்டு பக்கமும் ஆப்பு அடித்ததுபோல் நெருக்கிவிடும்.

எக்ஸாஸ்ட் பக்கத்தில் இது இன்னும் மோசம். பெட்ரோல் இன்ஜின் கடும் சுமையில் ஓடும்போது வெளியேறும் வாயு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிறுத்தியதும் எல்லாம் ஆறும். காற்றின் ஈரம் படியும். நாள்தோறும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, ஒவ்வொரு முறையும் துரு கொஞ்சம் கெட்டிப்படுகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும், மழை வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் தேங்கிய நீரும் இதை விரைவுபடுத்துகின்றன.

இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதில் திருகப்படும் ஸ்டட் எஃகு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு கலந்த ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சிறிய மின்கலம். அதில் அரிபடுவது அலுமினியம். ஆரஞ்சு நிறத் துருவுக்குப் பதிலாக மரையின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது அலுமினியத்தின் அரிமானம். அப்படிப்பட்ட இடத்தில் முரட்டுத்தனம் செய்தால், வலுவான எஃகு ஸ்டட் மென்மையான அலுமினிய மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

நான்காவது பிடி மனிதர்கள் வேண்டுமென்றே வைப்பது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் உள்ள டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953இல் உருவாக்கிய லாக்டைட் போன்ற மரைப் பசைகள், காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டதும் கெட்டிப்படும். இவற்றில் வலுவான சிவப்பு வகைக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. சுமார் 250 டிகிரி வரை சூடேற்றினால்தான் இளகும்.

எண்ணெய்க்கு நேரம் வேண்டும்

துரு என்றால் முதல் மருந்து ஊடுருவும் எண்ணெய். மெல்லிய சந்துக்குள் திரவம் தானாக ஏறுவதை நுண்புழை நுழைவு என்று பள்ளியில் படித்திருப்போம். சந்து குறுகக் குறுக அந்த இழுப்பு கூடும். மேல்நோக்கிக்கூட எண்ணெய் ஏறும். ஆனால் குறுகிய சந்தில் ஓட்டம் மிக மெதுவாக இருக்கும். கெட்டியான இன்ஜின் ஆயிலும் கிரீஸும் இதற்கு உதவாது. பழைய பட்டறைகளில் மண்ணெண்ணெய் விடுவதற்குக் காரணம் அது தண்ணீராக ஓடும் என்பதுதான். பலரும் முதலில் கையில் எடுக்கும் டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டவும் துருவைத் தடுக்கவும் உருவானது. அதன் பழைய பயன்களில் ஒன்று அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பைக் காப்பது. கடுமையாக இறுகிய மரைக்கு, ஊடுருவுவதற்கென்றே தயாரிக்கப்படும் எண்ணெய் மேல்.

எது விட்டாலும் ஐந்து நிமிடத்தில் பலன் எதிர்பார்க்கக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் வெளித் துருவைத் தேய்த்துவிட்டு எண்ணெய் விட வேண்டும். சுத்தியலால் போல்ட் தலையில் நேராகச் சில தட்டுகள் தட்ட வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி விட வேண்டும். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது. தட்டுவது வெறும் சம்பிரதாயம் அல்ல. துரு பீங்கானைப்போல நொறுங்கும் பொருள். எஃகு வளைந்துகொடுக்கும் பொருள். திடீர் அதிர்ச்சியில் எஃகுக்கு ஒன்றும் ஆகாது, துருவில் விரிசல் விழும். அந்த விரிசல்தான் எண்ணெய்க்கு வழி. அதிர்ச்சி அடிகளால் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்ச், கம்பியை நீட்டித் திருப்புவதைவிட நன்றாக வேலை செய்வதும் இதனால்தான்.

வெப்பம் செய்யும் வேலை

ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களைப் பிரிக்க, வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து உள் டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றுவோம். போல்ட்டிலும் அதே இயற்பியல்தான். சூடேற்றினால் நட்டின் துளை சுருங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, உலோகம் விரியும்போது துளையும் சேர்ந்து பெரிதாகும். ஆகவே சூடேற்ற வேண்டியது நட்டை. உள்ளே இருக்கும் ஸ்டட் சூடாகும் முன் திருப்பிவிட வேண்டும்.

அலுமினியத்தில் திருகிய எஃகு என்றால் இன்னொரு சாதகம் உண்டு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 10 மி.மீ. அளவுள்ள இடத்தில் வெப்பநிலை 100 டிகிரி கூடினால் எஃகு 0.012 மி.மீ. விரியும்; அலுமினியத் துளை 0.023 மி.மீ. விரியும். இடையில் கிடைக்கும் 0.011 மி.மீ. சிறியதுதான். ஆனால் துருவின் நெருக்கத்தைத் தளர்த்த அதுவே பெரிய உதவி. சூடாக இருக்கும்போது விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகிய மெழுகு மரைக்குள் இழுபட்டுப் போகும். அதுவும் உராய்வைக் குறைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை முக்கியம். இரும்பு சூடேறினால் மங்கிய சிவப்பாகி நமக்கு அறிவிக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்வரை நிறம் காட்டாது, திடீரென்று தொங்கிவிடும். ஆகவே ஹெட்டின் மேல் கேஸ் தீயை நேராகக் காட்டக் கூடாது. பெட்ரோல் குழாய், ஒயர், பிளாஸ்டிக் பாகங்கள் அருகில் இருந்தால் தீயே வேண்டாம். எண்ணெய் தெளித்த இடத்தில் உடனே தீயைக் காட்டுவது தீப்பிடிக்கும் வழி. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தைச் சூடேற்றினால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்; அது உயிரையே எடுக்கும்.

கடைசியில்தான் பலம்

ஸ்பேனரை எடுக்கும் முன் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சைக்கிளின் இடது பெடலைப்போல, சில வண்டிகளின் ஃபேன் நட்டுகளிலும் எதிர்மரை உண்டு. பிறகு கருவி. ஓபன் ஸ்பேனர் தலையின் இரண்டு முகங்களை மட்டுமே பிடிப்பதால் மூலைகள் மழுங்கிவிடும். ஆறுமுக சாக்கெட் ஆறு முகங்களிலும் விசையைப் பகிர்ந்துகொடுக்கும்.

நீளமான குழாயைச் சொருகி இழுப்பதில் என்ன ஆபத்து என்பதைக் கணக்கே சொல்லும். 25 செ.மீ. ஸ்பேனரில் 20 கிலோ எடையளவு இழுத்தால் சுமார் 49 நியூட்டன் மீட்டர். தலையில் 8.8 என்று பொறித்த 10 மி.மீ. போல்ட்டை இறுக்கும் வழக்கமான அளவும் ஏறக்குறைய அதுதான். அதே இழுப்பை 75 செ.மீ. குழாயில் கொடுத்தால் சுமார் 147 நியூட்டன் மீட்டர். போல்ட் முறுகி உடையும் எல்லை அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

முதலில் இறுக்கும் பக்கமாக மிகச் சிறிதளவு தள்ளிப் பாருங்கள். துருவின் பிணைப்பு அந்தப் பக்கமும் உடையலாம். பிறகு கழற்றும் பக்கம் சீராக விசை கொடுங்கள். ‘டக்’ என்ற சத்தத்துடன் அசைந்தால் துரு விட்டுவிட்டது என்று பொருள். சத்தமே இல்லாமல், கைக்குத் தொய்வாகத் திரும்புவதுபோலத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்: திரும்புவது நட்டு அல்ல, முறுகுவது ஸ்டட்டின் உடல். அடுத்த அழுத்தத்தில் அது உடையும். மறுபடி எண்ணெய்க்கும் சூட்டுக்கும் போக வேண்டிய கட்டம் அது. அசைந்த பிறகும் ஒரே மூச்சாகக் கழற்றக் கூடாது. கால் சுற்று கழற்றி, கொஞ்சம் உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு மறுபடி கழற்றினால் நொறுங்கிய துரு மரையில் சிக்காமல் வெளியே வரும்.

உடைந்தே போனால் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து திருப்புவது நல்ல வழி. வெல்டிங்கின் சூடே துருவின் பிடியைத் தளர்த்தும். துளையிட்டு, உடைந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் என்ற கருவியைப் போடுவதில் கவனம் தேவை. அது மிகக் கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது.

பூட்டும்போதே யோசியுங்கள்

அடுத்த முறை சுலபமாகக் கழல வேண்டுமென்றால் அதற்கான வேலை இன்று பூட்டும்போது நடக்க வேண்டும். மரையைச் சுத்தம் செய்து, எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு வெப்பம் தாங்கும் செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையை மெலிதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் கருகிவிடும். பசை தடவினால் உராய்வு குறைவதால், பழைய அளவுக்கே முறுக்கினால் போல்ட் அளவுக்கு மீறி நீளும். எனவே தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவைப் பார்த்து, டார்க் ரெஞ்ச்சில் இறுக்குங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “ஒரு போல்ட் இறுகியிருக்கு சார், ராத்திரி எண்ணெய் விட்டு ஊறவைக்கிறேன், காலையில வாங்க” என்று மெக்கானிக் சொன்னால், அவர் வேலையைத் தள்ளிப்போடுவதாக நினைக்காதீர்கள். உங்கள் பணத்தையும் இன்ஜினையும் காப்பாற்றும் வழியைத்தான் அவர் சொல்கிறார். வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.