காதுதான் மூலதனம்

கல்யாண வரவேற்பிலும் கல்லூரி விழாவிலும் டிஜே இருப்பது இன்று சாதாரணம். ஆனாலும் ‘யாரோ போட்ட பாட்டை ஓட்டுவதில் என்ன திறமை இருக்கிறது?’ என்ற கேள்வி ஓயவில்லை. இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படும் பிள்ளையை வீட்டில் மடக்குவதும் இதே கேள்விதான். பதில், தொழில் உருவான கதையிலேயே இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் நடந்த விருந்தில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை ஓட்டினார். பாடல் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருப்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தச் சில விநாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டும் உத்தி அப்படிப் பிறந்தது. ஹிப்ஹாப் கிளைத்தது அதிலிருந்துதான். அடுத்து வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், முள்ளைச் சரியான இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவர, தட்டின் மேலேயே கிரேயானால் குறி போட்டார். இருவரிடமும் இருந்தது ஓட்டத் தெரிந்த கை மட்டுமல்ல, கூட்டத்தைப் படிக்கத் தெரிந்த கண்ணும் காதும்.

அது அந்தக் காலம், இப்போது கணினியே எல்லாம் செய்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிமிடத்துக்கு 120 துடிப்புள்ள பாட்டை 126 துடிப்புள்ள பாட்டோடு சேர்க்க, வேகத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டும். முன்பு காதால் கேட்டு, விரலால் நகர்த்திச் செய்த இந்த வேலையை இன்று ‘சிங்க்’ பொத்தான் செய்துவிடுகிறது. ஆனால் அது சேர்ப்பது வேகத்தையும் துடிப்பையும் மட்டும். மேடையில் நிற்பவர் ஒரு காதில் ஹெட்போனை வைத்து அடுத்த பாட்டைக் கேட்கிறார், மறு காதை அரங்கத்துக்குக் கொடுக்கிறார். புதுப் பாட்டின் பேஸை ஏற்றும்போது பழையதன் பேஸைக் குறைக்காவிட்டால் இரண்டும் மோதிக் குழம்பும். இதைவிடப் பெரிய வேலை, ஆடியவர்கள் சாப்பாட்டுப் பந்திக்கு நகரத் தொடங்கும் நேரத்தில் எந்தப் பாட்டு அவர்களை நிறுத்தும் என்று தீர்மானிப்பது. 1977 முதல் சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ கிளப்பில் இசைத்த ஃபிராங்கி நக்கிள்ஸ், டிஸ்கோ அலை ஓய்ந்த பிறகு பழைய பாடல்களை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி, தன் கூட்டத்துக்கு ஏற்றபடி நீட்டினார். ஹவுஸ் இசை வளர்ந்தது அந்தத் தேர்வுகளிலிருந்து. அடுத்தவர் பாட்டை ஓட்டியவர்கள்தான் புதிய இசை வகைகளுக்கே வழி திறந்தார்கள்.

வருமானம் நிலையில்லை என்ற கவலையை மறுப்பதற்கில்லை. உலக மேடை வெகு சிலருக்கே வாய்க்கும். தமிழ்நாட்டில் கல்யாணத்தை நம்பியிருப்பவருக்கு ஆடியும் மார்கழியும் வறண்ட மாதங்கள். அதனால் சவுண்ட், லைட் வாடகையையும் ஒலிப்பதிவு வேலையையும் சேர்த்துச் செய்வது புத்திசாலித்தனம். இதைவிட எனக்குக் கவலை தருவது, பிழைப்பு தரும் காதையே தொழில் தின்றுவிடும் ஆபத்து. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்கிறது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியாஷின் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். ஸ்பீக்கர் அருகே எளிதில் எட்டிவிடும் 100 டெசிபலில் மிஞ்சுவது வெறும் 15 நிமிடம். காதில் பஞ்சு வைப்பது போதாது. இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் காதடைப்பான், பேஸையும் மேல்சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிறது, அதை மாட்டிக்கொண்டே பாட்டைச் சரியாக மிக்ஸ் செய்யலாம்.