ஸ்கேனில் குழந்தை சிறியதாகத் தெரிந்தால்: அச்சம் வேண்டாம், அடுத்த வருகை தவற வேண்டாம்

மழைக்காலத்துத் திங்கட்கிழமை ஒன்றில், புவனகிரியை அடுத்த சிற்றூரிலிருந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து ஒரு குடும்பம் நம் மருத்துவமனைக்கு வந்திருந்தது. எட்டாம் மாதக் கர்ப்பிணி, அவருடைய கணவர், மாமியார் என மூவர். இரண்டு நாள்களுக்கு முன் எடுத்த ஸ்கேன் அறிக்கை கணவரின் கையில் இருந்தது. வாரக் கணக்கைவிடக் குழந்தையின் அளவு குறைவாக உள்ளது என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரியால் அந்தப் பெண் இரண்டு இரவுகள் உறங்கவில்லை.

முதலில் பேசியவர் மாமியார். “நான் சோறு போடாம வெச்சிருக்கேன்னு அக்கம்பக்கத்துல பேசுறாங்க டாக்டரம்மா. நீங்களே கேளுங்க, இவதான் சரியா சாப்பிடறதில்ல.” மருமகள் தலைகுனிந்திருந்தார். கணவர் மெல்லிய குரலில், “குழந்தை பொழைச்சுக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

இந்தக் காட்சி எங்களுக்குப் புதிதன்று. மாதந்தோறும் இதே அறிக்கையோடும் இதே கேள்வியோடும் குடும்பங்கள் வருகின்றன. அவர்களுக்கு நான் வழக்கமாகக் கூறும் விளக்கத்தையே இங்கு எழுதுகிறேன்.

முதல் ஸ்கேனைத் தேடுங்கள்

அன்று நான் புதிய அறிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டு, “முதன்முதலில் எடுத்த ஸ்கேன் எங்கே?” என்று கேட்டேன். மாமியார் தம் மஞ்சள் பையின் அடியிலிருந்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை எடுத்தார். அதில்தான் விடை இருந்தது. கடைசி மாதவிலக்கு நாளை அந்தப் பெண் தோராயமாகவே சொல்லியிருந்தார். அதன்படி அன்றைக்குப் பத்து வாரக் கர்ப்பம் இருந்திருக்க வேண்டும். ஸ்கேனிலோ கருவின் நீளம் எட்டு வாரத்தையே காட்டியது. அதாவது, அவருடைய நாள் கணக்கு இரண்டு வாரம் முந்தியிருந்தது. 34 வாரம் என்று நாம் எண்ணிய கர்ப்பம் உண்மையில் 32 வாரம். குழந்தையின் அளவு 31 வாரம் 5 நாளுக்கு உரியது. அந்த நாளுக்கு அது பொருத்தமான வளர்ச்சியே.

முதல் மூன்று மாதங்களில் எல்லாக் கருக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்கின்றன. ஆகையால் அப்போது எடுக்கும் ஸ்கேன், நாள் கணக்கை ஒரு வாரத்துக்குள்ளான பிழையோடு சொல்லிவிடும். கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்குக் குழந்தை அளவு வேறுபடும். அப்போது எடுக்கும் ஸ்கேனைக் கொண்டு நாள் கணக்கிட்டால் மூன்று வாரம் வரை முன்பின்னாகலாம். எனவே முதல் ஸ்கேன் அறிக்கையைப் பிரசவம் முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு வருகையிலும் தாய்சேய் நல அட்டையோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

ஸ்கேன் எடையைத் தராசில் நிறுப்பதில்லை

அறிக்கையில் காணும் எழுத்துகளைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். பி.பி.டி. என்பது தலையின் அகலம். எச்.சி. தலையின் சுற்றளவு. ஏ.சி. வயிற்றின் சுற்றளவு. எஃப்.எல். தொடை எலும்பின் நீளம். இந்த அளவுகளை ஒரு வாய்பாட்டில் இட்டுக் கணினி குழந்தையின் எடையை மதிப்பிடுகிறது. அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் ஹேட்லாக்கும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்ட வாய்பாடே இன்றும் பெரும்பாலான கருவிகளில் பயன்படுகிறது.

எனவே அந்த எடை கணக்கிட்டுப் பெற்றதே அன்றி நிறுத்துப் பெற்றதன்று. அதில் 10 முதல் 15 சதவீதம் வரை பிழை நேரலாம். 1,500 கிராம் என்று அறிக்கை கூறினால், உண்மை எடை 1,275 கிராமாகவும் இருக்கலாம், 1,725 கிராமாகவும் இருக்கலாம். குழந்தை படுத்திருக்கும் நிலை, பனிக்குட நீரின் அளவு, தாயின் உடல்வாகு, அளப்பவரின் கை ஆகிய அனைத்தும் அந்த எண்ணைச் சற்று மாற்றும்.

‘பத்தாம் சதமானத்துக்குக் கீழே’ என்ற சொல்லும் அடிக்கடி வரும். ஒரே வாரக் கர்ப்பத்தில் உள்ள நூறு குழந்தைகளை எடை வரிசைப்படி நிறுத்தினால், சிறிய பக்கத்திலிருந்து முதல் பத்து இடங்களுக்குள் உங்கள் குழந்தை நிற்கிறது என்பதே அதன் பொருள். நலமான நூறு குழந்தைகளை நிறுத்தினாலும் யாரோ பத்துப் பேர் அந்த இடத்தில் நின்றே தீர வேண்டும். மேலும், எந்த அட்டவணையோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த இடம் மாறும். நம் நாட்டின் நாக்பூர் உட்பட எட்டு நாடுகளின் நகரங்களில் நலமான கர்ப்பிணிகளை அளந்து உருவாக்கிய பன்னாட்டு அட்டவணை 2014-இல் வெளியானது. ஒரே குழந்தை ஓர் அட்டவணையில் கோட்டுக்குக் கீழும் மற்றோர் அட்டவணையில் கோட்டுக்கு மேலும் அமையக்கூடும்.

சிறுமணி வேறு, நிரம்பாத மணி வேறு

நம் பகுதி உழவர்களிடம் இதை விளக்குவது எளிது. சீரகச் சம்பாவின் மணி சிறியது. அது அந்த நெல்லின் இயல்பு, குறையன்று. நல்ல பெருமணி நெல்லே ஆயினும், கதிர் பிடிக்கும் காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனால் மணி நிரம்பாது. இரண்டும் பார்வைக்குச் சிறியவையே. காரணம் வேறு.

குழந்தையும் அவ்வாறே. தாயும் தந்தையும் சிறிய உடல்வாகு உடையவர்கள் என்றால் குழந்தையும் சிறியதாக, ஆனால் முழு நலத்தோடு இருக்கலாம். அதற்கு மருத்துவம் தேவையில்லை. மாறாக, நஞ்சுக்கொடி வழியே போதிய ரத்தமும் ஊட்டமும் வராததால் வளர்ச்சி தடைப்பட்ட குழந்தை உண்டு. நாங்கள் கவலைப்படுவது இக்குழந்தையைப் பற்றியே.

இருவரையும் எவ்வாறு பிரித்தறிகிறோம்? கடைமடைக்குத் தண்ணீர் குறைந்தால் உழவர் முதலில் நாற்றங்காலைக் காப்பாற்றுவார். கருவிலுள்ள குழந்தையும் தனக்கு வரும் ரத்தத்தை முதலில் மூளைக்கு அனுப்பிக்கொள்கிறது. கல்லீரலில் சேமிப்புக் குறைவதால் வயிற்றின் சுற்றளவு முதலில் மெலிகிறது. ஆகவே அறிக்கையில் நாங்கள் கூர்ந்து பார்ப்பது ஏ.சி. என்ற வயிற்றளவை.

அடுத்து, டாப்ளர் முறையில் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறோம். குழந்தையின் இதயம் துடிக்கும்போது மட்டுமன்றி, இரு துடிப்புகளுக்கு இடையிலும் ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நஞ்சுக்கொடி பழுதுபடும்போது அந்த இடைநேர ஓட்டம் குறையும், பிறகு நிற்கும், மிக மோசமான நிலையில் பின்னோக்கித் திரும்பும். அளவு சற்றுக் குறைவு, ஆனால் ஓட்டம் நன்று, பனிக்குட நீர் போதுமானது, தாயின் ரத்த அழுத்தம் சரி என்றால் பெரும்பாலும் நாங்கள் காத்திருக்கிறோம். அளவு மூன்றாம் சதமானத்துக்கும் கீழே இருந்தால், ஓட்டம் நன்றாயினும் கூடுதல் கண்காணிப்புத் தேவை.

இரண்டாவது ஸ்கேன் ஏன்?

ஒரு முறை அளந்தால் குழந்தை அன்று எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும். வளர்கிறதா என்பது இரண்டாம் முறை அளந்தால்தான் தெரியும். அளவில் உள்ள சிறு பிழை நம்மை ஏமாற்றாமல் இருக்க, வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேனுக்கு இடையில் குறைந்தது இரண்டு வாரம் தேவை. ஐயத்தால் மூன்றாம் நாளே வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுப்பது பணத்தையும் மன அமைதியையும் கரைக்குமே தவிர, புதிதாக எதையும் சொல்லாது. ரத்த ஓட்டத்தை மட்டும் அதற்கு முன்னரே மீண்டும் பார்க்க வேண்டியிருந்தால் மருத்துவரே கூறுவார்.

இவ்விடத்தில் என் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் முதுநிலைப் பயிற்சியில் இருந்தபோது, இதே போன்ற அறிக்கையோடு ஒரு பெண் வந்தார். ‘இரண்டு வாரம் கழித்து வரவும்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஏன் வர வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. வெளியே நீண்ட வரிசை நின்றது. மூத்த குழந்தையும் சிறியதாகத்தான் பிறந்தது என்று வீட்டார் ஆறுதல் கூறியிருக்கிறார்கள். அறுவடைக் காலம் வேறு. அவர் ஐந்து வாரம் கழித்து வந்தார். குழந்தையின் அசைவு இரண்டு நாளாகவே இல்லை என்றார். அந்தக் குழந்தையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் தாயின் மீது எந்தக் குற்றமும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாத குற்றம் என்னுடையது. அன்றிலிருந்து, “இரண்டு வாரம் கழித்து வாருங்கள்” என்று சொல்லும்போதெல்லாம் அதற்கான காரணத்தையும் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்ல மறந்தால் தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முதலில், பழி சொல்வதை நிறுத்துங்கள். வளர்ச்சித் தடைக்குப் பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் குறைபாடே காரணம். தாயின் உயர் ரத்த அழுத்தம், கடுமையான ரத்தசோகை, சில நோய்த்தொற்றுகள், இரட்டைக் கர்ப்பம், குழந்தையின் மரபணுக் குறைகள் ஆகியவையும் காரணமாகலாம். ஒரு வேளை உணவைத் தவறவிட்டதால் குழந்தை சிறுத்துவிடாது. இரு மடங்கு உண்பதால் பழுதுபட்ட நஞ்சுக்கொடி சரியாகிவிடாது. நாள் முழுதும் படுத்தே கிடப்பதாலும், விலை உயர்ந்த சத்துமாவுகளாலும் வளர்ச்சி கூடுவதாகச் சான்றில்லை.

ஆயினும் நல்ல உணவு தாய்க்குத் தேவை. குழந்தை பெருத்தால் பிரசவம் கடினமாகும் என்று அஞ்சிக் கடைசி மாதங்களில் உணவைக் குறைக்கும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. அது தவறு. முட்டை, மீன், பருப்பு, கீரை, நிலக்கடலை, பால் ஆகியவை போதும். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தரப்படும் ஊட்டச்சத்துப் பெட்டகம் கர்ப்பிணிக்கே உரியது. அதிலுள்ள பேரீச்சம்பழமும் நெய்யும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பங்கிடுவதற்கல்ல.

இரும்புச்சத்து மாத்திரை உண்டால் குழந்தை கறுத்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. நான்காம் மாதம் முதல் 180 நாள்களுக்குக் குறையாமல் உண்ண வேண்டும். தேநீர், காபியோடு சேர்த்து உண்ண வேண்டாம். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் குழந்தையின் எடையைக் குறைக்கும். வீட்டிற்குள் பிறர் புகைப்பதும் அவ்வாறே.

28 வாரத்துக்குப் பின் குழந்தையின் அசைவை நாள்தோறும் கவனியுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் உண்டு; அதைத் தாயே நன்கு அறிவார். அந்த வழக்கத்திலிருந்து அசைவு குறைந்தால் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

பின்வருவனவற்றுள் எது நேர்ந்தாலும் இரவு பகல் பாராமல் உடனே வாருங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்:

• குழந்தையின் அசைவு குறைதல் அல்லது நின்றுபோதல்
• விடாத தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்று வலி
• முகமும் கைகளும் திடீரென வீங்குதல்
• ரத்தப்போக்கு அல்லது பனிக்குட நீர் கசிதல்

முன்கூட்டியே பிறக்க நேர்ந்தால்

சில வேளைகளில், கருவறையில் இருப்பதைவிட வெளியே வருவதே குழந்தைக்குப் பாதுகாப்பு என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். 34 வாரத்துக்கு முன் அந்நிலை வந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம். பிறந்த குழந்தைக்கு மூச்சுவிட உதவும் வசதியும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்தில் பிரசவம் நடக்குமாறு திட்டமிடுகிறோம். ஆகவேதான், ‘இங்கே வேண்டாம், பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்’ என்று மருத்துவர் கூறினால் அதைத் தட்டிக்கழித்தல் என்று எண்ணக் கூடாது.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறோம். அதற்குச் சீம்பால்தான் முதல் மருந்து. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்க வேண்டாம். குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு ஒட்டி வைத்துக் காக்கும் கங்காரு பராமரிப்பு 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே இதைத் தொடங்கினால், உடல்நிலை சீரான பிறகு தொடங்குவதைவிட இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று அது காட்டியது. தந்தையும் பாட்டியும்கூட இதைச் செய்யலாம்.

அன்று வந்த குடும்பத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நாள் கணக்குச் சரியாகிவிட்டாலும், இரண்டு வாரம் கழித்து அவர்களை மீண்டும் வரச் சொன்னேன், காரணத்தையும் விளக்கினேன். சரியாகப் பதினான்காம் நாள், தூறலில் நனைந்தபடி மூவரும் வந்தார்கள். குழந்தை அந்த இரண்டு வாரத்துக்கு உரிய அளவு வளர்ந்திருந்தது. அறிக்கையைப் படித்துச் சொன்னதும் மாமியார் மருமகளின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டு, “வா, சாப்பிட்டுட்டுப் போவோம்” என்றார். முதல் ஸ்கேன் தாளை மறவாமல் மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.