கரிசல் தொடங்கிக் கடல் வரை – 7: காற்று சுமந்து வந்த செம்மணல்

சென்ற வாரம் கழுகுமலை வெட்டுவான் கோயிலின் விமானத்தடியில் நிறுத்தியிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து புறப்பட்டு, மலையையும் கடலையும் ஒரே வட்டத்தில் கண்டு திரும்பும் கோடைப் பிரயாணத்துக்கு வழி வகுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அன்பர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் செங்கோட்டைக் கணவாய் என்று வாக்களித்திருந்தேன். கணவாயைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கணவாய் வழியே இறங்கி வருகிற காற்று என்னை எழுப்பி, நேர் எதிர்த்திசையில், திருச்செந்தூரை அடுத்த செம்மணல் மேடுகளான தேரிக்காட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

ஆனி, ஆடி மாதங்களில் நம்மூரில் வாழ்ந்தவர்களுக்குக் காற்றை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. கொடியில் உலர்த்திய வேட்டி பக்கத்துத் தெருவில் கிடக்கும். சாப்பாட்டுத் தட்டில் புழுதி வந்து படியும். இத்தனை காற்று அடித்தும் ஒரு தூறல் விழவில்லையே என்று வானத்தை அண்ணாந்து பார்த்த சம்சாரிகளைச் சிறு வயது முதல் கண்டிருக்கிறேன். காரணம் இதுதான்: அரபிக்கடலில் நீரை முகந்துகொண்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போதே குளிர்ந்து, தன் சுமையில் பெரும்பகுதியைக் கேரளத்தில் இறக்கிவைத்து, எஞ்சியதில் கொஞ்சத்தைக் குற்றாலத்தில் சாரலாகத் தூவிவிட்டு, கணவாயின் இடைவெளி வழியாக ஈரமற்ற வேகமாக மட்டும் கரிசலுக்கு வந்து சேர்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்ற மூன்று கணவாய்களும் நம் மாநிலத்துக்குக் காற்று வழங்கும் வாயில்கள். கயத்தாற்றைச் சுற்றிலும் காற்றாலைகள் வனம்போல் நிற்பது இந்த வாயில்களில் ஒன்றின் எதிரே நாம் குடியிருப்பதனால்தான். நமக்குரிய மழையோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கிலிருந்து வர வேண்டியது.

காற்றாலைகளோடு காற்றின் வேலை முடிந்தது என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். முடியவில்லை, அது கிழக்கே மேலும் நடந்து, கடலை நெருங்கும் இடத்தில் ஒரு செந்நிற மலைத்தொடரையே குவித்திருக்கிறது என்பதை அறிந்த நாள் முதல் எனக்கு வேறு நினைவில்லை.

திருச்செந்தூரிலிருந்து சாத்தான்குளம் போகும் சாலையில் காயாமொழியைத் தாண்டினால் குதிரைமொழித் தேரி. குங்குமத்தைக் கொட்டிக் குவித்தாற்போன்ற மணல். ஒவ்வொரு மணல்மணியின் மேலும் இரும்பின் துரு மெல்லிய போர்வையாகப் படிந்திருப்பதனால் வந்த சிவப்பு. சென்னைப் பல்லாவரத்தில் 1863-ல் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே இராபர்ட் புரூஸ் பூட், மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலை ஆராய்ந்து 1883-ல் வெளியிட்ட நூலில் இந்தத் தேரிகளையும் விவரித்திருக்கிறார். மலையடிவாரத்துச் செம்மண்ணையே மேல்காற்று வாரிவந்து இங்கே கொட்டியது என்பர் ஆராய்ச்சியாளரில் ஒரு சாரார். கடல் பின்வாங்கியிருந்த தொல்காலத்தில் வெளிப்பட்ட கரைமணலே குவிந்து நாளடைவில் சிவந்தது என்பர் மற்றொரு சாரார். மணலின் பிறப்பிடத்தில் வேறுபடும் இரு சாராரும் அதைக் குவித்த கரம் காற்றின் கரம் என்பதில் வேறுபடவில்லை. எனக்கு அது போதும். நம் வேட்டியைக் கொடியிலிருந்து பறித்துக்கொண்டு ஓடுகிற காற்று, பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு நிலத்தையே நிர்மாணித்துக்கொண்டிருந்தது என்பதைவிட ஆச்சரியமான செய்தி இந்த வட்டாரத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த மணலில் மனிதனும் வெகு காலமாக நடந்திருக்கிறான். சாயர்புரம் முதலிய இடங்களின் தேரிகளிலிருந்து கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் சாய்னரும் பிரிஜெட் ஆல்சினும் 1956-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, 'தேரி' என்ற நம் நாட்டுப்புறச் சொல் உலகத் தொல்லியலின் அகராதியில் ஏறிவிட்டது. வெண்கல்லிலும் செர்ட் கல்லிலும் விரல் நக அளவுக்குச் செதுக்கிய அம்புமுனை முதலிய கருவிகள் அவை. மேழி பிடிக்கத் தெரியாத காலத்து வேட்டுவன் ஒருவன் இந்த மணல்மேட்டில் குந்தியிருந்து கல்லைச் செதுக்கியிருக்கிறான்.

இதைவிட விசேஷம் தேரியின் தண்ணீர். கரிசலில் பெய்யும் மழை மண்ணை உப்பவைத்து மேலேயே சேறாகத் தேங்கும். கோடை வந்தால் அதே மண் ஒரு குழந்தையின் கால் இறங்குமளவுக்குப் பாளம்பாளமாக வெடிக்கும். தேரியோ விழுந்த மழையை ஓடவும் விடாது, தேங்கவும் விடாது. உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, தாழ்ந்த இடம் பார்த்துச் சுனையாகக் கசியவிடும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அப்படிப்பட்ட ஒரு சுனையருகில் இருக்கிறது. சித்திரை வெயிலில் செம்மணலைக் கடந்து அந்த மரநிழலுக்குள் நுழைந்தபோது அடைந்த ஆனந்தத்தை எந்தக் கோடைவாசஸ்தலத்திலும் நான் அடைந்ததில்லை. தண்ணீரைக் காக்கிற தெய்வம் என்று பெயரிலேயே சொல்லி வைத்த முன்னோரின் நன்றியுணர்ச்சியை அங்கே நின்றால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

பிஷப் கால்டுவெல்லைச் சொல்லாமல் தேரியை விட்டுப் போக மனமில்லை. 1841-ல் சென்னையிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, நீலகிரியில் ஏறி இறங்கி, தேரி மணலின் நடுவிலுள்ள இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856-லும் அதுவே அவருடைய ஊர். 1891-ல் கொடைக்கானலில் காலமானார். உடலைக் கொண்டுவந்து இடையன்குடியில், அவர் எழுப்பிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். மலையிலிருந்து கடலோரத்துக்கு அவருடைய இறுதிப் பிரயாணம் அமைந்தது என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இனி, பிரயாணத் திட்டத்துக்கு இது எப்படி உதவும் என்பதைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சித்திரை நடுவில் குழந்தைகளோடு குற்றாலத்துக்குப் போனேன். ஐந்தருவியில் பாறையும், பாறை இடுக்கில் நூலிழைபோல் ஒழுகும் நீரும்தான் இருந்தன. குழந்தைகள் பேசாமலே திரும்பி வந்தார்கள். பள்ளி விடுமுறையைப் பார்த்தேனே அன்றிக் காற்றைப் பார்க்கவில்லை. கேரளத்தில் பருவமழை தொடங்குவது சாதாரணமாக ஜூன் முதல் தேதியை ஒட்டி. அதற்குப் பின்னரே குற்றாலத்தில் சாரல். ஆகையால் கோடை விடுமுறைப் பிரயாணத்தை மலையில் தொடங்குவது தவறு. காற்று மலையில் தொடங்கிக் கடற்கரையில் முடிக்கிறது. நாம் கடற்கரையில் தொடங்கி மலையில் முடிக்க வேண்டும்.

கத்திரி கழிந்து ஜூன் பிறக்கும் நாட்களில், விடியுமுன் எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. அங்கிருந்து கடலோரமாகத் திருச்செந்தூர். நாழிக்கிணற்றின் நன்னீரில் நீராடி, அன்று மாலை தெற்கே மணப்பாட்டு மணற்குன்றின் மேல் 1581-ல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலையும் கடலையும் பாருங்கள். மறுநாள் அதிகாலை தேரி. பிறகு திருநெல்வேலி, தென்காசி, குற்றாலம். மூன்றாம் நாள் சங்கரன்கோவில், கழுகுமலை வழியே வீடு. அந்த வழியில் காற்று உங்கள் முதுகுப்புறம் இருக்கும், இருசக்கர வாகனத்தில் வருவோருக்கு இது பெரிய உபகாரம்.

கோடையில் கடற்கரையை முதலில் வைப்பதற்கு மற்றொரு காரணம் பனை. சித்திரையும் வைகாசியும் பதனீர்க் காலம். தேரி ஓரத்தில் பனையிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர், ஓலைப்பட்டையில் பதனீரை ஊற்றி நீட்டிவிட்டு என் செருப்பில்லாத காலைப் பார்த்தார். "அண்ணாச்சி, வெயில் ஏறுனப்பெறவு தேரிக்குள்ள கால் வச்சிராதிய. மணலு கொப்புளம் போட்டுரும். வந்த தடத்தையும் காத்து அழிச்சிரும், எந்தப் பக்கம் போறோம்னே தெரியாது." அவர் சொன்னது முழு உண்மை. திரும்பிப் பார்த்தபோது நான் ஏறி வந்த சுவட்டில் பாதி அப்போதே மறைந்திருந்தது.

செங்கோட்டைக் கணவாய், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம், 1904-ல் மலையைக் குடைந்து போட்ட ரயில்பாதை ஆகியவை அடுத்த வாரம். அதற்குள் தேரிக்குப் புறப்படும் அன்பர்கள் காலை ஒன்பது மணிக்குள் மணலை விட்டு வெளியேறிவிடுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும். கடையில் வாங்கியது எதையும் அந்தச் செம்மணலில் போட்டுவிட்டு வராதீர்கள்.