உப்புக்காற்றுப் பகுதியில் இரும்புக் கருவிகளுக்குப் பவுடர் பூச்சு

கடலோரக் கிராமங்களில் இரும்புக் கருவிகள் சீக்கிரம் துருப்பிடித்து வீணாகின்றன. எண்ணூர், காட்டுப்பள்ளி, மீஞ்சூர் வட்டாரங்களில் கோனோவீடரின் சட்டம், தெளிப்பானின் தாங்கி, மோட்டாரின் விசிறி மூடி, கொட்டகைக் கதவின் கீல் ஆகியவற்றுக்குப் பெயிண்ட் அடித்தாலும் விரைவிலேயே கொப்புளம் கிளம்புகிறது. காற்றோடு வரும் உப்பு, இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதே இதற்குக் காரணம்.

இதற்கு மாற்றாகப் பவுடர் பூச்சைப் பலர் விசாரிக்கிறார்கள். எண்ணூரின் லாரி ஆலை, 1950களில் தொடங்கிய திருவொற்றியூர் மோட்டார் சைக்கிள் ஆலை போன்றவற்றைச் சார்ந்து பட்டறைத் தொழில் வளர்ந்த பகுதி இது. பட்டறை வேலை தெரிந்த இளைஞர்கள் பல விவசாயக் குடும்பங்களிலும் உண்டு. இதை வீட்டிலேயே சிறிய அளவில் தொடங்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுதான். துருவைத் தடுப்பதில் பாதி வேலையைப் பவுடர் செய்யும். மீதிப் பாதி அதன் அடியில் உப்பில்லாமல் கழுவுவதில் இருக்கிறது.

பவுடர் பூச்சு என்றால் என்ன?

இது தின்னர் கலக்காத, உலர்ந்த வண்ணத் தூள். துப்பாக்கி போன்ற கருவி தூளுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்கிறது. எர்த் இணைக்கப்பட்ட இரும்பின் மேல் தூள் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓவனில் சூடாக்கினால் தூள் உருகி, இறுகி, ஒரே தோலாகிவிடும். சாதாரணமாக 60 முதல் 80 மைக்ரான் கனம் போதும். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்.

தூளில் எபாக்சி, பாலியெஸ்டர் என இரு முக்கிய வகைகள் உண்டு. எபாக்சி இரும்பை நன்றாகப் பற்றும். ஆனால் வெயிலில் சுண்ணாம்புபோல் வெளுத்துப் பொடியும். வயலில் நிற்கும் பொருளுக்குப் பாலியெஸ்டரே ஏற்றது. கடற்கரைக்கு மிக அருகில் உள்ளவர்கள், துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு இட்டு அதன் மேல் பாலியெஸ்டர் இடுவது நல்லது.

கழுவும் தண்ணீரைக் கவனியுங்கள்

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால், 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உட்புகத் தொடங்கியது. பல கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் உவர்ப்பாயின. அந்தத் தண்ணீரில் இரும்பைக் கழுவினால் உப்பை அகற்றுவதற்குப் பதில் உப்பைத் தடவியதாகும். ஒரு சொட்டு நீரைச் சுத்தமான எவர்சில்வர் தட்டில் உலர விடுங்கள். வெள்ளை வளையம் தடிப்பாகப் படிந்தால் அந்த நீர் உதவாது. சேமித்த மழைநீரையோ நல்ல குடிநீரையோ பயன்படுத்த வேண்டும்.

செய்முறை வரிசை

1. உறுப்பைக் கழற்றி, எண்ணெய், கிரீஸ் போகச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவவும்.

2. துருவைக் கம்பித் தூரிகையாலும் எமரித் தாளாலும் பளபளப்பான இரும்பு தெரியும்வரை நீக்கவும். கூரிய விளிம்புகளை அரத்தால் மழுக்கவும். கூர்முனையில் பூச்சு மெலிந்து, துரு அங்கேயே தொடங்கும்.

3. எமரித் தாள் உப்பை எடுக்காது. துருக்குழிகளில் அது தங்கிவிடும். ஆகவே நல்ல நீரால் இரண்டு மூன்று முறை மீண்டும் கழுவவும்.

4. உடனே துணியால் ஒற்றி, ஓவனில் சிறிது நேரம் சூடாக்கி உலர்த்தவும். பின் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. வியர்வையிலும் உப்பு உண்டு.

5. மரை, பேரிங் அமரும் இடம், எர்த் போல்ட் ஆகியவற்றைச் சூடு தாங்கும் நாடாவால் மறைக்கவும். பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், எர்த் போல்ட்டை மூடினால் ஆபத்து.

6. கம்பியில் தொங்கவிட்டு, எர்த் இணைத்து, அன்றைக்கே தூள் தெளிக்கவும். ஒரு இரவு போட்டு வைத்தால் கடற்காற்று மீண்டும் துருவை ஏற்றிவிடும்.

7. தூள் டப்பாவில் குறித்துள்ள சூட்டில் வைக்கவும். பெரும்பாலான பாலியெஸ்டர் தூள்களுக்கு 200 டிகிரி சென்டிகிரேடில் 10 நிமிடம் தேவை. இரும்பு அந்தச் சூட்டை அடைந்த பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும். கனத்த உறுப்பு சூடேற அதிக நேரம் பிடிக்கும்.

வார்ப்பிரும்பையும் துத்தநாகம் பூசிய குழாயையும் தூள் தெளிக்கும் முன்பே ஒருமுறை நன்றாகச் சூடாக்க வேண்டும். இல்லாவிடில் உள்ளிருக்கும் எண்ணெயும் காற்றும் வெளியேறி, பூச்சில் ஊசித்துளைகள் விழும்.

செய்யக் கூடாதவை

சமையலறை ஓவனைப் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை பயன்படுத்திய ஓவனில் பிறகு உணவு சமைக்கவும் கூடாது. எரிவாயு அடுப்பு, விறகு அடுப்பு எதுவும் ஆகாது. காற்றில் பறக்கும் தூள் ஒரு பொறியில் தீப்பற்றி வெடிக்கக் கூடும். தெளிக்கும் இடத்தில் பீடி, விளக்கு, தீக்குச்சி இருக்கக் கூடாது. தூளுக்கான முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம் அணிய வேண்டும். ஓவனின் புகை வெளியேற வழி வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தெளிக்கும் துப்பாக்கியைத் தொட வேண்டாம்.

பூச்சிமருந்தோ பெட்ரோலோ இருந்த தொட்டியை ஓவனில் வைப்பது உயிருக்கே ஆபத்து. இருபுறமும் அடைபட்ட குழாயும் சூட்டில் வெடிக்கலாம். பழைய பித்தளைத் தெளிப்பான்களின் ஈயப் பற்றவைப்பு சுமார் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பதால், அவையும் வேண்டாம். கொழு, மண்வெட்டித் தகடு, அரிவாள் முனை போன்றவை மண்ணிலும் வேலையிலும் தேய்பவை. இவற்றுக்குப் பூச்சு வீண் செலவு. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவினால் போதும்.

துருவைக் கரைக்க ஆசிட் வாங்குவோர், ஆசிடைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை ஆசிடில் ஊற்றக் கூடாது. கழிவை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டாதீர்கள். தொடங்குவோருக்கு எமரித் தாளே போதும்.

சோதித்துப் பாருங்கள்

முதலில் ஒரு துண்டுத் தகட்டில் செய்து பாருங்கள். ஆறிய பின் பிளேடால் சிறு கட்டங்களாகக் கீறி, ஒட்டு நாடாவை அழுத்திச் சட்டென்று இழுக்கவும். கட்டங்கள் பெயர்ந்து வந்தால் பெரும்பாலும் கழுவியது போதவில்லை என்று பொருள். தின்னரில் நனைத்த பஞ்சால் தேய்க்கும்போது வண்ணம் கரைந்து வந்தால் சூடு போதவில்லை.

வீட்டிலா, பட்டறையிலா?

கீல், கொக்கி, கைப்பிடி, சிறு மூடி போன்ற, ஓவனுக்குள் அடங்கும் பொருள்களை வீட்டில் செய்யலாம். நீண்ட சட்டம், கதவு முதலியவற்றை அம்பத்தூர் போன்ற இடங்களில் கூலிக்குப் பூசித் தரும் பட்டறைகளிடம் கொடுப்பதே சிக்கனம். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரே வண்ணத்தில் மொத்தமாகக் கொடுத்தால் கூலியைக் குறைத்துக் கேட்கலாம். எப்படிக் கழுவுகிறார்கள், பாஸ்பேட் கரைசலில் முக்குகிறார்களா, எந்த வகைத் தூள் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள்.

பூசிய பிறகும் கவனம் தேவை. கல் பட்டு ஒரு கீறல் விழுந்தாலும், அதன் வழியே துரு பூச்சுக்கு அடியில் பரவும். கீறலை அன்றே தேய்த்துப் பெயிண்டால் மூடவும். உரமிட்ட நாளிலும் மருந்தடித்த நாளிலும் கருவிகளை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி வைக்கவும். இப்படிப் பேணினால் ஆண்டுதோறும் பெயிண்டுக்கும் புதுச் சட்டத்திற்கும் ஆகும் செலவு வெகுவாகக் குறையும்.