டென்னிஸ் புள்ளிக் கணக்கு

டென்னிஸ் புள்ளிக் கணக்கு என்பது புள்ளி, கேம், செட், மேட்ச் என்னும் நான்கு படிகளைக் கொண்ட கணக்கு முறையாகும். கிரிக்கெட்டில் ஓட்டங்கள் கடைசி வரை கூடிக்கொண்டே போகும். டென்னிஸில் ஒவ்வொரு கேமிலும் புள்ளிகளும், ஒவ்வொரு செட்டிலும் கேம்களும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். அதனால் பின்தங்கியவரும் கடைசிப் புள்ளி வரை மீண்டுவர வாய்ப்புண்டு.

கேம்

ஒரு கேம் முழுவதும் ஒருவரே சர்வீஸ் செய்வார். புள்ளி ஏதும் எடுக்காத நிலை 'லவ்' எனப்படும். முதல் புள்ளிக்கு 15, இரண்டாவதற்கு 30, மூன்றாவதற்கு 40 என்று அழைப்பர். நான்காவது புள்ளியை எடுப்பவர் கேமை வெல்வார். சர்வீஸ் செய்பவரின் புள்ளியே முதலில் சொல்லப்படும். எனவே 30–40 என்றால் எதிராளி முன்னிலையில் இருக்கிறார் என்று பொருள்.

இருவரும் 40 எடுத்தால் அது 'டியூஸ்'. அதன் பிறகு தொடர்ந்து இரண்டு புள்ளிகள் எடுப்பவருக்கே கேம். முதல் புள்ளியை எடுத்தவர் 'அட்வான்டேஜ்' பெறுவார். அடுத்ததை இழந்தால் மீண்டும் டியூஸ்.

15, 30 என்ற எண்கள் கடிகார முகப்பிலிருந்து வந்தவை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதற்கு உறுதியான சான்று இல்லை.

செட்டும் டை-பிரேக்கும்

குறைந்தது இரண்டு கேம் வித்தியாசத்தில் முதலில் ஆறு கேம்களை எடுப்பவர் செட்டை வெல்வார். 6–4 போதும், 6–5 போதாது, 7–5 வேண்டும். 6–6 என்று சமமானால் டை-பிரேக் ஆடப்படும். இதில் புள்ளிகள் 1, 2, 3 என்றே எண்ணப்படும். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் முதலில் ஏழு புள்ளிகள் எடுப்பவர் செட்டை 7–6 என வெல்வார்.

பெரும்பாலான போட்டிகளில் மூன்று செட்களில் இரண்டை வென்றால் மேட்ச் முடியும். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் ஒற்றையரில் ஐந்தில் மூன்றை வெல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டு: கல்கத்தா, 1966

நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், 1966 டேவிஸ் கோப்பையில் பிரேசிலின் தோமாஸ் கோக்கை எதிர்த்துக் கல்கத்தாவில் ஆடினார். இந்தியாவும் பிரேசிலும் 2–2 என்று சமநிலையில் இருந்ததால் இந்த மேட்ச்சே வெற்றியைத் தீர்மானிப்பதாக இருந்தது. கிருஷ்ணன் பக்கத்திலிருந்து அதன் முடிவு இது:

3–6, 6–4, 10–12, 7–5, 6–2

இடப்பக்க எண்கள் கிருஷ்ணனுடையவை. முதல் செட்டையும் மூன்றாவது செட்டையும் அவர் இழந்தார். மூன்றாவது செட் 10–12 வரை நீண்டதற்குக் காரணம், அப்போது டை-பிரேக் இல்லாததே. இரண்டு கேம் வித்தியாசம் வரும் வரை ஆட வேண்டியிருந்தது.

நான்காவது செட்டில் கோக் 5–2 என்று முன்னிலை பெற்றார். இன்னும் ஒரு கேம் எடுத்திருந்தால் மேட்ச் அவருடையது. ஆனால் கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று 7–5 என்று செட்டைக் கைப்பற்றினார். ஐந்தாவது செட் 0–0 என்றே தொடங்கியது. கோக்கின் முந்தைய முன்னிலை எதுவும் அதில் சேரவில்லை. கிருஷ்ணன் அதை 6–2 என வென்றார். இந்தியா முதல் முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குச் சென்றது. அங்கே ஆஸ்திரேலியாவிடம் 4–1 எனத் தோற்றது.

மொத்தப் புள்ளிகள் முடிவைத் தருமா?

தராது. 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னர், நிக்கோலா மஹூ மோதிய மேட்ச் மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடங்கள் நடந்தது. கடைசி செட்டில் டை-பிரேக் இல்லாததால் அது 70–68 என முடிந்தது. மஹூ 502 புள்ளிகளும் இஸ்னர் 478 புள்ளிகளும் எடுத்தனர்; ஆயினும் வென்றவர் இஸ்னரே. எத்தனை புள்ளி என்பதைவிட, எந்தப் புள்ளி என்பதே டென்னிஸில் முக்கியம்.

2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் கடைசி செட் 6–6 ஆனால் பத்துப் புள்ளி டை-பிரேக் ஆடப்படுகிறது. எனவே 70–68 போன்ற முடிவுக்கு அங்கே இனி இடமில்லை.