தாயக்கட்டை வாங்குவோருக்கு

திருமலைக் கோயிலையடுத்து ஹாத்திராம்ஜி மடம் உள்ளது. வடநாட்டிலிருந்து வந்து அம்மலையிலேயே தங்கிவிட்ட ஹாத்திராம் பாவாஜி என்னும் அடியாருடன் வேங்கடவன் இரவில் பாய்ச்சிகை ஆடினான் என்பது அங்கு வழங்கும் கதை. 1843 முதல் 1933 வரை கோயில் நிர்வாகமே இம்மடத்து மகந்துகளிடம் இருந்தது. பாவாஜி வடக்கேயிருந்து தெற்கே வந்தார். தெற்கேயிருந்து வடக்கே சென்று வாழும் நம்மவர் பலர், விடுமுறையில் மலையேறித் திரும்புங்கால் ஒரு சோடித் தாயக்கட்டை வாங்கிச் செல்ல விழைகின்றனர். நாம் பாய்ச்சிகை என்பதைத் தெலுங்கர் பாச்சிகலு என்பர். இருமொழியும் புழங்கும் சித்தூர்ச் சீமையில் எச்சொல்லைச் சொன்னாலும் கடைக்காரருக்கு விளங்கும்.

வாங்குமுன் கட்டையின் கணக்கை அறிதல் நலம். நீண்ட கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள். ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள், நான்காவது வெறுமை. இரண்டு கட்டைகளும் சேர்ந்து பதினாறு விதமாக விழலாம். அவற்றுள் மூன்று என்னும் எண் நான்கு விதங்களில் வரும். தாயமோ இரண்டே விதங்களில். இரண்டும் வெறுமையாய் விழும் பன்னிரண்டுக்கு ஒரே வழிதான்; ஆறுக்கும் அப்படியே. ஆகவே நேர்மையான கட்டையில் சராசரியாக எட்டு முறைக்கு ஒரு முறை தாயம் விழ வேண்டும். தாயம் விழாமல் காய் இறங்காது. கோணலான கட்டையோடு ஆட அமர்ந்த சிறுவன், ஊரெல்லாம் பழம் எடுக்கும்வரை மூலையிலேயே முகம் வாடியிருப்பான். அவனுடைய துரதிருஷ்டம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பழி பல நேரங்களில் பித்தளையினுடையது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நூற்றறுபது முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஏறத்தாழப் பத்து முறையும், தாயம் இருபது முறையும், மூன்று நாற்பது முறையும் வரவேண்டும். நான்கைந்து கூடினாலும் குறைந்தாலும் குற்றமன்று. பன்னிரண்டே இருபதைத் தாண்டினால் கட்டையை ஐயுறலாம். கடையில் நின்று இவ்வளவும் செய்ய இயலாதுதான்! அங்கே செய்யத்தக்கது வேறு: இரண்டையும் இரு கைகளில் ஏந்தி எடை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள், முனையிலிருந்து கண்ணோட்டி, முகம் சரியான சதுரமா என நோக்குங்கள். ஒரு பக்கம் சற்று அகன்றிருந்தால், கட்டை அப்பக்கத்தையே அடியில் வைத்துப் படுக்க விரும்பும். நீளம் இரு உள்ளங்கைகளுக்குள் உருளும் அளவே போதும்.

பித்தளைக்கு அடுத்தது மரம். சேஷாசல மலைக்காடுகளில் வளரும் செம்மரம் நீரில் மூழ்குமளவு கனமானது. திருப்பதிக் கடைகளில் அதன் மரப்பாச்சிகள் பெயர் பெற்றவை. ஆயினும் செம்மரம் காவலுக்குட்பட்ட பொருள். அம்மரத்தில் கடைந்தது எதுவாயினும் அரசின் லேபாட்சி அங்காடி போன்ற இடத்தில் ரசீதுடன் வாங்குதலே முறை. யானைத் தந்தத்தை எவர் காட்டினும் தொடாதீர்கள். கீழடியில் கிடைத்த தந்தப் பகடை அருங்காட்சியகத்துக்குரியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தந்த வாணிபத்தைத் தடுத்துவிட்டன.

பிள்ளைகள் கேட்கும் ஆறுமுகப் பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஏழு வரவேண்டும். மொகஞ்சதாரோவில் கிடைத்தவற்றில் ஒன்றுக்கெதிரே இரண்டு இருந்தது; அது அவர்கள் வழக்கம். இக்காலத்து இளைஞர் இருபது முகப் பகடையும் உருட்டுகின்றனர். பிளாஸ்டிக்காயின் உள்ளே காற்றுக்குமிழி தங்கியிருக்கக்கூடும். உப்பை நிறையக் கரைத்த நீரில் மிதக்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள்; ஒவ்வொரு முறையும் அதே எண் மேலே வந்தால் அது வேண்டாம்.

ஒன்றும் வாங்காமலே ஆடலாம் என்பதையும் சொல்லவேண்டும். புளியங்கொட்டையை ஒருபுறம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் போதும். நம் பாட்டிமார் அப்படித்தான் ஆடினர். இரு பக்கமும் சமமாக விழும் என்று மட்டும் எதிர்பார்க்கலாகாது.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடுவோர் பம்பாயிலும் தில்லியிலும் அடுக்குமாடி வீடுகளில் இருப்பர். பித்தளைக்கட்டை கல்தரையில் விழும் ஓசை கீழ்வீட்டாரை எழுப்பிவிடும். கட்டையின் விளிம்பும் மழுங்கும். கீழே ஒரு ஜமக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். மிக மெத்தென்ற விரிப்பாயின் கட்டை உருளாமல் நின்றுவிடும்.