பழி யாருக்கு?

“முள்ளின்மேல் சேலை விழுந்தாலும், சேலையின்மேல் முள் விழுந்தாலும், கிழிவது சேலைதான்” என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். பெண் பிள்ளைகளை எச்சரிக்க எழுந்த பழமொழி இது. முள்ளை விசாரிப்பார் அந்நாளில் இல்லை. இன்றோ சட்டம் முள்ளை விசாரிக்கிறது. இதனை மாணவியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அவள் சம்மதமின்றி இணையத்தில் பரப்புவதும், பரப்பிவிடுவேன் என்று மிரட்டுவதும் இக்காலத்துக் கொடுமைகள். அவளது அச்சமே இக்கயவர்களின் மூலதனம். “வீட்டில் என்ன நினைப்பார்களோ” என்று அவள் வாய்மூடி இருக்கும்வரை அவர்கள் கையே ஓங்கியிருக்கும்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, பெண்ணின் அந்தரங்க நிலையைத் திருட்டுத்தனமாகப் படமெடுப்பவனுக்கும் பரப்புபவனுக்கும் முதல் முறை 1 முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. படமெடுக்க அவள் சம்மதித்திருந்தாலும், பிறருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லையெனில், அனுப்புவது குற்றமே என அப்பிரிவு தெளிவாகக் கூறுகிறது. “நீ ஏன் படம் கொடுத்தாய்?” என்று அவளைக் குடைவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஏ பிரிவின்படி, பாலியல் செயலைக் காட்டும் படங்களை இணையத்தில் பரப்பினால் முதல் முறையே 5 ஆண்டுகள் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. காதலித்த பெண்ணின் படங்களைப் பரப்பிய இளைஞனுக்கு, 2018-இல் மேற்கு வங்காளத்தின் தம்லுக் நீதிமன்றம் 5 ஆண்டுச் சிறை விதித்தது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பெண் வழக்கறிஞரின் படங்களை 48 மணி நேரத்துக்குள் இணையத்திலிருந்து நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவராயின் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் துணை நிற்கிறது. வாக்குமூலம் வாங்க இயன்றவரை ஒரு பெண் அதிகாரியே, சீருடையின்றி, அவள் வீட்டுக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ வரவேண்டும். அவள் பெயரையோ பள்ளியையோ பத்திரிகைகள் வெளியிடலாகாது. குற்றத்தை அறிந்த பெரியவர் எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குடும்ப மானம், பள்ளியின் பெயர் என்று மூடி மறைப்பது சட்டப்படி குற்றம்.

இனி, செய்ய வேண்டியவை:

1. மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்கலாகாது. ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பான்.

2. மிரட்டல் செய்திகளை அழித்துவிடாமல், தேதி, கணக்கின் பெயர், படம் உள்ள இணைய முகவரி ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். சாட்சிக்கென்றும் படத்தைப் பிறருக்கு அனுப்பக் கூடாது.

3. படம் வந்த தளத்துக்கே புகார் அனுப்ப வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என 2021-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. பின்னர் அக்கெடு மேலும் குறுக்கப்பட்டது. முகத்தை வேறு உடலோடு ஒட்டிய பொய்ப்படங்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

4. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். “எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது. மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். சிறுமியர் 1098, பெண்கள் 181 என்ற எண்களை அழைக்கலாம்.

தோழியரே, அப்படியொரு படம் நம் கைக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். அனுப்பும் ஒவ்வொரு விரலும் அந்தக் குற்றத்தில் பங்கு கொள்கிறது.

பெற்றோரே, மகள் நடுங்கியபடி வந்து சொல்லும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் திட்டாக இருந்தால், அவள் மறுபடி வாய் திறக்க மாட்டாள். “பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்” என்று அணைத்துக் கொள்ளுங்கள். பழி, படத்தைப் பரப்பியவனுக்கே உரியது. அதை நம் பிள்ளையின் தலையில் நாமே ஏற்றிவைக்க வேண்டாம்.